ஈரக்கை

மரிக்கொழுந்துப் பாசி
பாறையை விட்டு லேசில் வராது.
விரலுக்கு விரல் பழஞ்சீலைக் கிழிசல் சுற்றி
காலில் அலுமினியத் தட்டைக் கட்டி
முங்கிப் பிடுங்குகிறோம்.
துணிக்குள்ளும் வெட்டும்.
வெட்டிய இடத்தில் உப்பு ஏறும்.
ஏறட்டும். ஏழு மணியிலிருந்து பத்தரை வரை
அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பத்தரைக்கு வள்ளத்தில் தூக்குச்சட்டி திறக்கும்.
ஆறு பேருக்கும் ஒரே கஞ்சி.
சண்டையெல்லாம் தொட்டுக்கொள்வதில்தான்.

பூமயில் கொண்டுவருவது எலுமிச்சை.
நாலாய்க் கீறி, அடி ஒட்டவிட்டு,
உள்ளே பொடி திணித்தது.
சபுரா பீவி வீட்டில் எப்போதாவது இறால்;
அன்றைக்கு மட்டும் வள்ளம்
அவள் பக்கம் சாய்கிறதென்று
வள்ளக்காரன் கத்துவான்.
சவேரியம்மாளுக்குக் கிளாக்காய்,
அதுவும் உப்பில் ரெண்டே நாள்.
ஊறிப்போனால் அவளுக்கு ஆகாது.
"ஊறாததுக்கு எதுக்குடி அந்தப் பேரு?"
முத்திருளாயி கேட்பாள்.
அவளுக்கு மோர்மிளகாய். மற்றதெல்லாம்
கெட்டுப்போன குழம்பு.

எனக்கு நார்த்தங்காய்.
சுருள் சுருளாய் அரிந்து, உப்படைத்து,
பகலில் ஓட்டின்மேல், ராத்திரி ஜாடிக்குள்,
மறுபடி ஓடு, மறுபடி ஜாடி.
ஒன்பதாம் நாள் கறுத்து, மேலே உப்புப் பூக்கும்.
ஒரு துண்டை வாயில் ஒதுக்கினால்
கச்சான் காற்றில் புரளுகிற வயிறும்
அடங்கி உட்காரும்.
கடலுக்குள் நின்றுகொண்டு உப்புக்கு ஏங்குகிறோமே
என்று ஒருநாள் சிரித்தேன்.
பூமயில் சிரிக்கவில்லை.
"இது நாம போட்ட உப்புடி" என்றாள்.

ஊறுகாய்க்கு ஒரே சட்டம், ஈரக்கை படக்கூடாது.
எங்களிடமோ விடிந்ததிலிருந்து
உலர்ந்த கை ஒன்றுகூட இல்லை.
அதனால் ஓர் ஏற்பாடு.
நாளுக்கு ஒருத்தி
கடைசி முங்கு முங்காமல்
அணியத்தில் உட்கார்ந்து
கைகளை வெயிலுக்குக் கொடுப்பாள்.
அவள் பங்குப் பாசியை ஐந்து பேர் நிரப்புவோம்.
எல்லாப் பாட்டிலையும் அவள்தான் திறப்பாள்,
ராணி மாதிரி,
ஆறு சட்டி மூடியிலும் வைப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை
தீவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றோம்.
வனத்துறைப் படகு, அந்தப் பக்கம் என்றது.
மூட்டை நாலு, தட்டு பன்னிரண்டு,
சாப்பாட்டுப் பை ஒன்று.
மீசை சரியாக முளைக்காத கார்டு ஒருவன்
என் பாட்டிலைத் தூக்கி ஆட்டிப் பார்த்தான்.
"என்ன இது, கடலட்டையா?"
கறுப்பாய்ச் சுருண்டு கிடந்தால்
அவன்தான் என்ன செய்வான்.
"நார்த்தங்காய் சார்."
"எழுதிக்கோ" என்றார் ரேஞ்சர்.
எழுதினார்கள்.

அபராதம் கட்டி, கையெழுத்துப் போட்டு,
பதினோராம் நாள் கீழக்கரை ஆபீசில்
பொருளெல்லாம் திரும்பி வந்தது, பாசி தவிர.
பாட்டிலில் பாதிதான் இருந்தது.
அதற்கு நான் கோபப்படவில்லை.
தின்னட்டும். ஆபீஸ் சோறு என்ன சோறோ.
மூடியைத் திறந்தேன்.
உப்புப் பூத்த இடத்தில்
வேறொன்று பூத்திருந்தது, பஞ்சு மாதிரி.
"ஈரக் கரண்டி போட்டிருக்கானுவ!"
நான் போட்ட சத்தத்தில்
அந்த அறையில் ஃபேன் தவிர எல்லாம் நின்றது.
அபராதத்துக்குக்கூட நீ இப்படிக் கத்தலையே
என்று சபுரா பஸ்ஸில் கேட்டாள்.

அந்தக் கார்டு எழுந்து வந்தான்.
பாட்டிலைப் பார்த்தான். என் விரல்களைப் பார்த்தான்.
"கழுவின கரண்டிதான்க்கா போட்டேன்."
"அதான்டா தப்பு" என்றாள் முத்திருளாயி.

மறுநாள் அணியத்தில் என் முறை.
துணியை அவிழ்த்துப் பத்து விரலையும் விரித்தேன்.
காய ரொம்ப நேரமானது.
பூஞ்சணம் வழித்து, வெயில் காட்டிய மிச்சத்தை
ஆறு மூடியிலும் வைத்தேன்.
முத்திருளாயி
வேண்டாமென்று சொல்லவில்லை.